மார்த்தாவும் லைஸ்பெத்தும் நிற்கும் படம்

ஹோர்ன், 1662 செப்டம்பர்

என் மதிப்புக்கும் அன்புக்கும் உரிய கணவர் ஹார்மென் அவர்களுக்கு, உங்கள் மனைவி நேல்த்தியே எழுதுவது. கடவுள் கிருபையால் நான் எழுந்து நடமாடுகிறேன். நீங்களும் பழவேற்காட்டுக் கோட்டைக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்து, தச்சுப் பட்டறையில் நிழலான இடமாகப் பிடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். வேறு மாதிரி இருந்தால் அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

ஏப்ரலில் புறப்பட்ட கப்பலில் நான் கொடுத்தனுப்பிய கடிதம் கிடைத்திருந்தால், நீங்கள் போகும்போதே நான் உண்டாகியிருந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கிடைக்காவிட்டால் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் தம்பி வீபே போன மாதம் ஒரு மாலுமியிடம் உங்களுக்குக் கடிதம் கொடுத்தான். என்ன எழுதினாய் என்று கேட்டேன். "உள்ளதத்தான் எழுதினேன் அண்ணி" என்றான். காட்டவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே நானும் எழுதுகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில் வீட்டைப் பற்றி. வடக்குப் பக்கத்து ஓடுகள் காற்றில் சரிந்தன. ஆள் வைத்துச் சரிசெய்துவிட்டேன். நீங்கள் பார்த்தால் அந்த வேலையைக் குறை சொல்வீர்கள், ஆனால் ஒழுகவில்லை. கப்பல் பாய் தைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை இருக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தைக்க வேண்டியதை வீட்டுக்கே அனுப்புகிறார்கள்.

ஜூலை மாதம், ஹெரிங் மீன் பிடிக்கும் படகுகள் கடலில் இருந்தபோது பிரசவம் ஆனது. கஷ்டப்பட்டேன். மருத்துவச்சி த்ரீன் பிள்ளையை எடுத்தாள். பிறகு, "நேல்த்தியே, கொஞ்சம் கண்ண மூடிக்க. நான் மொதல்ல துடைச்சு, துணி சுத்திக்கிறேன்" என்றாள். மூடவில்லை. பெண் குழந்தைகள் இரண்டு. மார்பிலிருந்து மேல்வயிறு வரை ஒட்டியிருந்தார்கள். தலை இரண்டு, கை நான்கு, கால் நான்கு. எதுவும் குறைவில்லை. ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தபடி, கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பதுபோல இருந்தார்கள். தலைமுடி உங்கள் நிறம்.

வழக்கம்போல மசாலா போட்டு ஒயின் காய்ச்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்தார்கள். பிள்ளை பிறந்த வீட்டுக் கதவில் பின்னல் துணி தொங்கவிட வேண்டுமே, ஒன்று தொங்கவிடுவதா, இரட்டைப் பிள்ளைக்கு விடுவதுபோல இரண்டா என்று என் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டே பேச்சு நடந்தது. நான் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். கடைசியில் யாரும் எதையும் தொங்கவிடவில்லை. மறுநாள் நானே எழுந்துபோய் இரண்டு தொங்கவிட்டேன்.

மீன் கடையில் ஒருத்தி, "பாய் தைக்கிறவ இல்லையா, ரெண்டையும் சேத்துத் தச்சுட்டா, பிரிக்க மறந்துட்டா" என்றாளாம். சிரித்தார்களாம். வீபேயின் மனைவி இம்க்கே என் காதுபடவே சொன்னாள்: "ஒட்டின செர்ரிப் பழத்த இவ தின்னத நான் என் கண்ணால பாத்தேன். வேண்டாம்னு சொன்னேன், கேட்டாளா?" நான் இந்தக் கோடையில் செர்ரி தின்னவே இல்லை. இது வீபேயின் கடிதத்தில் இருந்தால் நம்பாதீர்கள்.

ஊர் வைத்தியர் லாம்பெர்ட் கேள்விப்பட்டு வந்தார். வாசலிலேயே தொப்பியைக் கழற்றினார், அது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேர் மார்பிலும் மாறி மாறிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு என்னிடம், "வயித்துல இருக்கும்போது எதையாவது பாத்துப் பயந்தீங்களாம்மா? இல்ல, எதையாவது ரொம்ப நேரம் உத்துப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா?" என்றார். தாய் பார்ப்பது பிள்ளையின் உடம்பில் பதியும் என்று அவர் படித்த புத்தகங்களில் இருக்கிறதாம். துறைமுகத்தைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அவர் இப்படிப்பட்ட பிறவிகளைப் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதுகிறார். அதற்குப் படம் வேண்டும் என்று அலீத் என்ற பெண்ணை அனுப்பினார். கண்ணாடியில் ஓவியம் தீட்டுகிறவரின் மகள், நாற்பது வயது இருக்கும், மணமாகவில்லை. பணக்காரர் தோட்டத்துத் துலிப் பூக்களை வரைந்து கொடுப்பது அவள் தொழில். வந்தவள் உடனே தாளை எடுக்கவில்லை. "துணிய நான் எடுக்கலாமா, நீங்களே எடுக்கறீங்களா?" என்று கேட்டாள். அதற்கு முன் வந்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

பல நாள் காலையில் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து செங்காவிக் கட்டியால் வரைந்தாள். அவளுக்கு மோர்க்கஞ்சி கொடுத்தேன். பேச்சு அதிகம் இல்லாதவள். ஒருநாள் லைஸ்பெத் தூங்கிக்கொண்டிருக்க மார்த்தா வீறிட்டு அழுதாள். நான் சமாதானப்படுத்தப் போனபோது, "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிட்டு வேகமாக வரைந்தாள். "மன்னிச்சுக்கங்க. இது வேணும்" என்றாள். எதற்கு என்று அப்போது புரியவில்லை.

பெயரை எழுதிவிட்டேன், ஞானஸ்நானம் பற்றி எழுதவில்லை. சபைக் குழுவில் பாலாடைக்கட்டி வியாபாரம் செய்யும் மூப்பர் ஒருவர், உடம்பு ஒன்று என்றால் பெயரும் ஒன்றுதான் என்றார். போதகர் ஹொம்மே குழந்தைகளைப் பார்த்திருக்கவில்லை. வைத்தியர் அலீத்தையும் என்னையும் குழு முன் கூட்டிக்கொண்டு போய், வரைந்த தாளை மேசையில் விரித்தார். போதகர் வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணு தூங்குது, ஒண்ணு அழுது. இது நெசமா, வரைஞ்சவங்க கற்பனையா?" என்று கேட்டார். அலீத், "எனக்குக் கற்பனை வராது ஐயா. வந்தா நான் ஏன் பூ வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்?" என்றாள். போதகர் சிரித்துவிட்டார். பிறகு அந்த மூப்பரைப் பார்த்து, "தூங்கறவள எழுப்பி அழறவளோட பேரச் சொல்லிக் கூப்பிட முடியாதில்ல" என்றார். முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுச் சபை முன்னால் இரண்டு தலையிலும் தனித்தனியாகத் தண்ணீர் தெளித்தார்கள். உங்கள் தாயார் பெயர் லைஸ்பெத், என் தாயார் பெயர் மார்த்தா. உங்கள் இடத்தில் நின்று பிள்ளையைக் கொடுக்க வேண்டியவன் வீபே. அவன் வரவில்லை. வைத்தியர் நின்றார்.

வீபேயின் மீது எனக்கு வருத்தம் இருப்பதை மறைக்க மாட்டேன். ஆகஸ்ட் திருவிழாவுக்கு வந்து கூடாரம் போட்டுக் காசுக்கு வேடிக்கை காட்டுகிறவன் ஒருவனை வீட்டுக்கே கூட்டிவந்தான். "சந்தை முடியற வரைக்கும் வச்சாப் போதும் அண்ணி. பாக்கறவன் பாத்துட்டுப் போறான். புள்ளைங்க தேஞ்சா போயிடும்?" என்றான். "உன் பொண்டாட்டியக் கொண்டுபோய் வை, அவளப் பாக்கவும் ஆள் வரும்" என்றேன். அதற்குப் பிறகு வீபே வீட்டுப் பக்கம் வரவில்லை. இதையும் எழுதியிருக்க மாட்டான்.

பழவேற்காட்டுப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் உட்காரவைத்து நடப்பார்கள் என்று முதல் பயணம் முடிந்து வந்தபோது சொன்னீர்கள். செய்து பார்த்தேன். இவர்களை அப்படித் தூக்க முடியவில்லை. இரண்டு கையாலும் தாங்கித்தான் தூக்க வேண்டும். பழகிவிட்டது.

ஆண்டவர் உங்களைக் காய்ச்சலிலிருந்தும் கெட்ட தண்ணீரிலிருந்தும் காப்பாராக. உங்கள் பிள்ளைகள் இருவரும் உங்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள் என்று எழுதுவது வழக்கம், அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மனைவி
நேல்த்தியே


ஹோர்ன், 1662 டிசம்பர்

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். உங்களிடமிருந்து கடிதம் வருவதற்கு இன்னும் காலம் ஆகவில்லை என்று கம்பெனி அலுவலகத்தில் சொன்னார்கள். தெரிந்தும் போய்க் கேட்டேன்.

பிள்ளைகள் நவம்பரில் போய்விட்டார்கள். மார்த்தாவுக்கு மார்ச்சளி கண்டது. லைஸ்பெத்துக்கு ஒன்றுமில்லை, பால் குடித்தாள், என் விரலைப் பிடித்தாள். வைத்தியர் தினம் வந்தார். மார்த்தா ஒரு காலையில் அடங்கினாள். லைஸ்பெத் அன்று மாலைவரை இருந்தாள். அந்தப் பகலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. த்ரீன் கூட இருந்தாள்.

வைத்தியர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, உடம்பைத் திறந்து பார்க்க அனுமதி கேட்டார். கண்ணாடிச் சாடியில் போட்டு வைக்க மாட்டேன், தைத்து முழுதாகத் திருப்பித் தருவேன் என்றார். "உங்க வீட்டுக்காரர் சம்மதம் வேணுமே" என்றும் அவரே சொன்னார். "அவர்கிட்ட கேட்டு பதில் வர ரெண்டு வருஷம் ஆகும். என்கிட்ட கேளுங்க" என்றேன்.

சம்மதித்தேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போதாவது ஒன்றா இரண்டா என்று தெரிந்துவிடும் என்று அந்த மூப்பர் சந்தையில் சொன்னது என் காதுக்கு வந்தது. அவர் வாயை அடைப்பதற்காகச் சம்மதித்தேன் என்று எழுதலாம். ஆனால் எனக்கே தெரிய வேண்டியிருந்தது. பிள்ளைகளை வயிற்றில் சுமந்தவள் நான், எனக்குத் தெரியவில்லை. அலீத் கூட இருந்து வரைய வேண்டும், பார்ப்பதை என்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று மட்டும் நிபந்தனை போட்டேன். அவளிடம் சொன்னபோது, "பூவத் தவிர நான் எதையும் அறுத்துப் பாத்ததில்ல" என்றாள். ஆனாலும் வந்தாள்.

நான் வைத்தியர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். வேலைக்காரி டர்னிப் நறுக்கிக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு கத்தி வாங்கி நறுக்கினேன். அவர்கள் வீட்டுக் கத்தி மொட்டை. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டிருந்தோம்.

அலீத் வந்தாள். கையைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். வேலைக்காரியை வெளியே போகச் சொன்னாள். "ரெண்டு, நேல்த்தியே" என்றாள். "ஈரல் ஒண்ணுதான். ஆனா இதயம் ரெண்டு. ஒரே உறைக்குள்ள, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணு கொஞ்சம் சின்னது." சின்னது யாருடையது என்று கேட்டேன். மார்த்தாவுடையது என்றாள்.

அதுதான் உங்களிடம் சொல்ல வேண்டியது. மற்றவர் எழுதித் தெரிந்துகொள்வதைவிட நான் எழுதித் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு இதயம்.

ஒரே பெட்டியில் அடக்கம் செய்தோம், வேறு வழியில்லை. பெட்டி செய்தவர் அளவெடுக்க வந்து கொஞ்ச நேரம் குழம்பி நின்றார். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நீங்கள் தச்சர், உங்களுக்குப் புரியும். மூலைகளை நன்றாக இணைத்திருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன்.

குளிர் அதிகம். அடுப்பெரிக்கக் கரிமண் கட்டிகள் போதுமான அளவு வாங்கி வைத்திருக்கிறேன். எனக்காகக் கவலைப்படாதீர்கள். கடவுள் உங்கள் கண்ணையும் கையையும் காக்கட்டும்.

நேல்த்தியே


ஹோர்ன், 1663 ஏப்ரல்

என் அன்புக் கணவர் ஹார்மெனுக்கு,

உங்கள் கடிதம் இன்னும் வரவில்லை. இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதனுடன் ஒரு படம் மடித்து வைத்திருக்கிறேன். இதை முழுவதும் படித்துவிட்டுப் பிறகு விரியுங்கள்.

வைத்தியரின் புத்தகம் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிவிட்டது. படத்தை மட்டும் தனித் தாளாகவும் விற்கிறார்கள். பிப்ரவரிக் குளிர் விடுவதற்குள்ளேயே ஹோர்னில் ஒரு மதுக்கடைச் சுவரில் அதை ஒட்டியிருந்தார்கள். எனக்கு முதலில் சொன்னவள் அதே மீன் கடைக்காரி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. "நீயே போய்ப் பாத்துடு. அடுத்தவங்க சொல்லிக் கேக்காதே" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அலீத் வரைந்தது அது இல்லை. அவள் தொட்டிலில் படுத்திருந்தவர்களை வரைந்தாள். இதில் ஒரு புல்மேடு, இரண்டு பக்கமும் மரம், தூரத்தில் நம் ஊரில் இல்லாத ஒரு கோபுரம். மேட்டின் மேல் அவர்கள் நிற்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள்போல, சுருட்டை முடியோடு, நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, நடனத்துக்குக் கைகோத்தவர்கள் மாதிரி. இரண்டு பேருக்கும் கண் திறந்திருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், ஹோர்ன் நகரில் ஒரு மாலுமியின் மனைவி பெற்ற விகாரப் பிறவி என்று போட்டிருந்தது. பெயர் இல்லை.

வைத்தியரிடம் கேட்டேன். அவரும் அச்சான பிறகுதான் பார்த்தாராம். இப்படிப்பட்ட படங்களில் நிற்கவைப்பதுதான் வழக்கம் என்றார். அலீத்துக்குக் கோபம். மறுநாள் அவளும் நானும் படகு ஏறி ஆம்ஸ்டர்டாம் போனோம். போகும் வழியெல்லாம் மழை.

அச்சுக்காரர் ரொட்டி தின்றுகொண்டே பேசினார். அலீத் தன் தாளை எடுத்துக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா தொட்டில்ல கெடக்கற புள்ளைய யாரும்மா வாங்குவா? புல்லு வேணும், மரம் வேணும், நிக்கணும்" என்றார். "நாலு மாசக் குழந்தை எப்படிய்யா நிக்கும்?" என்று அலீத் கத்தினாள். "என் செம்புத் தகட்டுல நிக்கும்" என்றார் அவர்.

அலீத் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். ஜன்னல் பக்கத்தில் அச்சான தாளை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதுக்கடையில் ஆட்கள் இருந்ததால் சரியாகப் பார்க்க முடியவில்லை. எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். முழங்கால்களை நன்றாகச் செதுக்கியிருந்தார்கள். குதிகால் புல்லில் அழுந்தியிருந்தது. பிள்ளைகள் நின்றால் எப்படி நிற்பார்கள் என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்படித்தான் நின்றிருப்பார்கள். ஒருத்தி பின்னால் போனால் ஒருத்தி முன்னால் வரவேண்டும். பழகியிருப்பார்கள்.

"படம் இருக்கட்டும்" என்று அச்சுக்காரரிடம் சொன்னேன். "அடியில ரெண்டு பேரு சேக்கணும். அப்புறம் அவர் மாலுமி இல்ல, தச்சர்." தச்சர் என்று மாற்றுவதானால் ஒரு வரி முழுவதையும் சுரண்ட வேண்டும், முடியாது என்றார். அதனால் தாளில் நீங்கள் மாலுமியாகவே இருக்கிறீர்கள். பெயர் சேர்க்க இடம் இருந்தது. "விகாரத்துக்கு எதுக்கும்மா பேரு?" என்றார். "சபையில தண்ணி தெளிச்சு வச்ச பேரு. போதகர் ஹொம்மேகிட்ட எழுதிக் கேளுங்க" என்றேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, எழுத்து வெட்டுகிறவரைக் கூப்பிட்டார்.

எழுத்து வெட்டுகிறவர் வயதானவர், கண்ணாடி போட்டவர். எந்தப் பெயர் எந்தப் பக்கம் என்று கேட்டார். அங்கேதான் சிக்கல். தகட்டில் இருப்பது தாளில் இடம் வலம் மாறி விழும், அதனால் அலீத் வரைந்ததை வைத்துச் சொல்ல முடியவில்லை. மேலும் இரண்டு பேருக்கும் ஒரே முகத்தைப் போட்டிருந்தார்கள். செதுக்கியவர் அவர்களைப் பார்த்ததில்லையே. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். பெற்றவளுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள். உண்மையில் அந்தத் தாளில் இருப்பவர்கள் என் பிள்ளைகள் மாதிரியே இல்லை. ஒருத்தி மட்டும் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். மார்த்தா தூங்கும்போது லைஸ்பெத்தின் கன்னத்தில்தான் தலையைச் சாய்ப்பாள். "இவ மார்த்தா" என்றேன். அவர் எழுத்துகளை இடம் வலம் மாற்றி வெட்டினார். செம்புத் துருவல் சுருள் சுருளாக வந்தது. புதிதாக அச்சிட்ட முதல் தாளை ஈரத்தோடு என்னிடம் கொடுத்தார். உங்களுக்கு அனுப்பியிருப்பது அதுதான். மடித்த இடத்தில் மை கொஞ்சம் இழுத்திருக்கும்.

அலீத்தின் செங்காவிப் படம் என்னிடம் இருக்கிறது. அதை அனுப்பவில்லை. கடலில் போனால் என்ன ஆகுமோ. அதை நீங்கள் இங்கேதான் பார்க்க வேண்டும்.

வீபே இப்போது பேசுகிறான். கம்பெனியில் நீங்கள் மேலும் சில வருடத்துக்குக் கையெழுத்துப் போட உங்களுக்கு முன்பே எண்ணம் இருந்தது என்றான். என்னிடம் நீங்கள் அப்படிச் சொல்லவில்லை. இருந்தால் உங்கள் விருப்பம். ஆனால் த்ரீன் போன வாரம் வந்திருந்தாள். நான் கேட்காமலே, "உனக்கு அடுத்தது எல்லாப் புள்ளையும் மாதிரிதான் பொறக்கும். நான் எத்தன பாத்திருக்கேன்" என்றாள். அதை இந்தக் கடிதத்தில் எதற்காக எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. பெயர் வெட்டுவதற்கு முன்பே நிறையத் தாள்கள் அச்சாகிப் போய்விட்டன. கீழ்த்திசைக் கப்பல்களில் போகும் ஆட்கள் இப்படிப்பட்ட தாள்களை விரும்பி வாங்குகிறார்களாம், பொழுதுபோக்குக்கு. உங்கள் கோட்டைக்கும் ஒன்று வந்து சேரலாம். யாராவது சுவரில் ஒட்டி வைத்துச் சிரித்துக்கொண்டிருக்கலாம். சண்டைக்குப் போகாதீர்கள். அது ஓய்ந்த பிறகு ஒரு பேனாவை எடுத்துப் போய் அடியில் எழுதுங்கள். தலை சாய்த்திருப்பவள் மார்த்தா. நேராகப் பார்ப்பவள் லைஸ்பெத். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன்.

கடவுள் உங்களுக்கு நல்ல காற்றைக் கொடுக்கட்டும். எந்தத் திசைக் காற்று என்று நான் எழுதவில்லை, அவருக்குத் தெரியும்.

உங்கள் மனைவி
நேல்த்தியே